வெங்காயக் கூடையில் ஜாஸ்

கேசட் பதிவு செய்து கொடுக்கும் கடையில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும்: பாட்டே பிடிக்காதவர் கடையைத் தாண்டி நேராகப் போய்விடுவார், பாட்டுப் பைத்தியம் பிடித்தவர்தான் படியேறி வந்து நம்மையும் பைத்தியமாக்குவார்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தது எங்கள் கடை. எங்க வீட்டுக்காரர் கல்யாணம், காதுகுத்து, திருவிழா என்று ரேடியோ செட் கட்டுகிறவர். குழாய் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு அவர் மரம் ஏறப் போய்விட்டால் கடையில் ஆள் வேண்டுமே. அதனால் இடுப்பில் குழந்தையோடு என்னை உட்கார வைத்தார். சி.டி. வந்து டவுன்காரர்கள் மாறிக்கொண்டிருந்த சமயம். ஆனாலும் சுற்றுப்பட்ட கிராமங்களில் டேப் ரிக்கார்டர்தான் ராஜா. நீங்கள் ஜவுளிக்கடையில் உட்கார்ந்திருந்தாலும் சரி, மருந்துக்கடையில் உட்கார்ந்திருந்தாலும் சரி, கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்த அத்தனை பேரும் எனக்குச் சொந்தம்தான். நீங்கள் பட்டதைத்தான் நானும் பட்டேன். என்ன, நான் பட்டது கொஞ்சம் சத்தமாக.

மூட்டை வந்து இறங்கியது

ஆவணி மாதம் ஒரு நாள், ஆம்ப்ளிஃபயருக்குச் சாமான் வாங்க சென்னைக்குப் போன மனுஷர், இரண்டு பெரிய கோணி மூட்டைகளோடு பஸ்ஸிலிருந்து இறங்கினார். பிரித்துப் பார்த்தால் பூராவும் வெளிநாட்டுக் கேசட். ஹார்பர் பக்கம் ஏலத்தில் எடுத்தாராம். ஜாஸ், டப், நியூ வேவ் என்று உறை மேல் இங்கிலீஷில் போட்டிருந்தது. எழுத்துக்கூட்டிப் படித்தேன். படித்தேனே தவிர ஒன்றும் புரியவில்லை. தெரிந்த முகம் ஒன்று கிடையாது, கேள்விப்பட்ட பாட்டு ஒன்று கிடையாது. இதை யார் கேட்பார்கள் என்றேன். இதில் இருக்கிற பாட்டை யார் கேட்கச் சொன்னார்கள், டேப் உயர்ந்த ரகம், மேலேயே நம்ம பாட்டைப் பதிந்து விற்றுவிடலாம் என்றார். அழிந்துவிடாமல் இருக்க கேசட்டின் தலைப்பக்கம் ஒரு சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள். அதன் மேல் செல்லோ டேப்பை ஒட்டிவிட்டால் போதும், எந்தக் கேசட்டிலும் எதையும் பதியலாம். எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

கடை இருந்த கட்டடம் மாமனாருடையது. நெல்லும் மாடும் அவருக்குப் புரியும். பாட்டு விற்றுப் பிழைப்பது அவருக்கு எந்தக் காலத்திலும் புரியவில்லை. உர ஏஜெண்டு ஒருத்தர் வேறு அந்த இடத்தைக் கேட்டு அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார். சுவர் முழுக்க அடுக்கியிருந்த கேசட்டைப் பார்த்ததும் மாமனாருக்கு ஏறிவிட்டது. தைப் பொங்கலுக்குள் இந்தச் சரக்கு கடையை விட்டுப் போகவேண்டும், இல்லாவிட்டால் கடை உரக்காரருக்கு என்று சொல்லிவிட்டார். கடை போனால் எங்க வீட்டுக்காரருக்கு ஏறுவதற்கு ஊரெல்லாம் மரம் இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது? காலையில் மாட்டுக்கொட்டகை, மத்தியானம் மாமியார், சாயங்காலம் மறுபடியும் மாடு. நாலு பேர் முகம் பார்த்து, நாலு வார்த்தை பேசி, சிரித்துக்கொண்டிருந்த அந்த நாற்காலியை விட எனக்கு மனசே வரவில்லை. மாமனார் படி இறங்கும்போது திரும்பிச் சொன்னார்: "பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆளு வரும். செவுரு காலியா இருக்கணும். கேசட்டு போனாலும் சரி, நீங்க போனாலும் சரி."

பாதிப் படியில் நின்ற சாமி

கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப சாமிகள் வேனில் போட்டுக்கொண்டு போகப் பாட்டு கேட்டு வந்தார்கள். நல்ல சமயம் என்று வெளிநாட்டுக் கேசட்டில் சரண கோஷத்தைப் பதிந்து தள்ளினேன். ஒரு விஷயத்தை நான் யோசிக்கவில்லை. நம்ம ஊர்க் காலிக் கேசட் என்றால் அறுபது நிமிஷம், தொண்ணூறு நிமிஷம் என்று ஒரு கணக்கு உண்டு. இந்தக் கேசட்டுகளில் வெள்ளைக்காரன் எங்கே வாசித்து முடித்தானோ அங்கேயே டேப்பும் முடிந்துவிடும். ஒன்று இழுக்கும், ஒன்று குறையும்.

பெருநகர் குருசாமி ஒருத்தர் வேன் நிறையக் கன்னிச்சாமிகளைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போனார். கடைசிப் பாட்டு, ஒவ்வொரு படியாகச் சொல்லிச் சொல்லி ஏறுகிற பாட்டு. வேனில் எல்லோரும் கூடச் சேர்ந்து பாடிக்கொண்டே ஏற, நடுவில் 'டக்'கென்று டேப் நின்றுவிட்டதாம். சின்னச் சாமிகள் மேலே ஏறுவதா, கீழே இறங்குவதா என்று தெரியாமல் குருசாமி முகத்தைப் பார்த்தார்களாம். ஊர் திரும்பியதும் மாலையைக் கழற்றுவதற்கு முன்னாலேயே நேராகக் கடைக்கு வந்தார். மாலை கழுத்தில் இருந்ததால் என்னைத் திட்டவில்லை. பிரசாதம் கூடக் கொடுத்தார். கொடுத்துவிட்டுச் சொன்னார்: "மலைக்குப் போயி எறங்கி வந்துட்டேம்மா. உன் கேசட்டுல மட்டும் இன்னும் பாதிப் படியிலயே நின்னுக்கினு கீறேன்."

பாட்டுக்கு அடியில் ஒரு ஆடு

நீளம் அளந்து பார்த்துப் பதிய ஆரம்பித்தேன். அடுத்த வம்பு நாங்கள் பதிவு செய்கிற டெக்கில் இருந்து வந்தது. பழைய பாட்டை அழித்துவிட்டுப் புதுசுக்கு இடம் கொடுப்பதற்கென்று அதில் ஒரு சின்ன ஹெட் இருக்கும். எங்கள் டெக்கில் அது தேய்ந்து போயிருந்தது. சினிமாப் பாட்டு மேல் சினிமாப் பாட்டு பதிந்த வரைக்கும் யாருக்கும் தெரியவில்லை. இந்த ஜாஸ்காரர்களோ லேசில் அழிகிற ஜாதியில்லை. மேலே நம்ம பாட்டு ஓட, அடியில் எங்கேயோ தூரத்தில் குழல் ஒன்று கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டே இருக்கும்.

கறிக்கடை பாய் பெருநாளுக்காகப் பக்திப் பாட்டுக் கேசட் ஒன்று வாங்கிப் போயிருந்தார். தங்கமான மனுஷர், எதற்கும் குரலை உயர்த்தமாட்டார். மறுநாள் வந்து, தொப்பியைச் சரிசெய்து, தொண்டையைக் கனைத்து, பாட்டு ரொம்ப நல்லா இருக்கிறது என்றுதான் ஆரம்பித்தார். குடும்பத்தோடு உட்கார்ந்து கேட்டார்களாம். பாட்டு நிற்கிற இடத்திலெல்லாம் வேறு ஒரு சத்தம் வந்ததாம். கொல்லையில் கட்டியிருந்த ஆட்டைப் பார்க்க அவருடைய வீட்டம்மா இரண்டு தடவை எழுந்து போனார்களாம். நான் போட்டுக் கேட்டேன். முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. வேறு கேசட் தருகிறேன் என்றேன். பாய் கேசட்டை மெதுவாகக் கல்லா மேல் வைத்தார்: "நான் தெனம் அறுக்கிறவம்மா, இந்தச் சத்தம் எனக்குப் பழக்கந்தான். எனக்கே பேஜாரா கீது. எவனோ ரொம்ப நேரமா அறுத்துக்கினு கீறான், முடிக்கவே மாட்டேங்கிறான்."

பீப்பி, கெணறு, மிஷினு

அன்றோடு மேலே பதிகிற வேலைக்கு ஒரு முழுக்கு. உள்ளே இருப்பதையே விற்பது என்று முடிவு செய்தேன். விற்கவேண்டுமென்றால் என்ன விற்கிறோம் என்று தெரியவேண்டாமா? கடை திறந்ததும் ஒவ்வொன்றாகப் போட்டுக் கேட்டேன். ஒன்றில் ஒரு ஆள் இதோ குழல் ஊதப்போகிறான், இதோ ஊதப்போகிறான் என்று நானும் காத்திருக்கிறேன்; மூச்சை மட்டும் விட்டுக்கொண்டே ஒரு பக்கத்தை முடித்துவிட்டான். இன்னொன்றில் மேளம் ஒரு வழியில் போகிறது, கிடார் ஒரு வழியில் போகிறது. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது. வேறொன்றில் ஒரு பெண்பிள்ளை கதவைச் சாத்துகிற மாதிரி ஒரு தாளத்துக்கு யாரையோ திட்டித் தீர்க்கிறாள். என்ன பாஷையாக இருந்தாலும் புருஷனைத்தான் திட்டுகிறாள் என்று எனக்குப் பட்டது. அந்த ஒன்று மட்டும் பிடித்திருந்தது.

மூன்று வகையாகப் பிரித்தேன். குழல் வைத்து அலறுகிற ஜாஸ் எல்லாம் பீப்பி. கிணற்றுக்குள் வாளி விழுந்த மாதிரி ஒரு அடி அடித்து, அது திரும்பித் திரும்பி எதிரொலிக்கிற டப் எல்லாம் கெணறு. நெல் மிஷின் மாதிரி ஒரே ஓட்டம் ஓடுகிற நியூ வேவ் எல்லாம் மிஷினு. துடைத்து, நிறம் பார்த்து அடுக்கி, தூசி படாமல் பிளாஸ்டிக் கவர் போட்டு, வகைக்கு ஒரு சீட்டு எழுதி ஒட்டி, சுவரே கொலு மாதிரி ஆகிவிட்டது. பக்கத்தில் தையல் கடை வைத்திருந்த கமலா அக்கா வந்து பார்த்தார். ஒவ்வொரு வகையிலும் கொஞ்சம் போட்டுக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு எழுந்தார்: "அடுக்கினது சோக்கா கீது செல்வி. சத்தம் வராம விக்க முடியுமான்னு பாரு."

மாமியார் தூங்கிய கேசட்

முதலில் விற்றது கெணறுதான். அதற்குக் காரணம் என் பெண் கீர்த்தனா. பல் முளைக்கிற சமயம், மத்தியானம் முழுக்கக் கத்துவாள். ஒரு நாள் தற்செயலாக டப் கேசட் ஓடிக்கொண்டிருந்தது. தும்... தும்... என்று அடிவயிற்றில் தட்டிக்கொடுக்கிற மாதிரி ஒரு சத்தம். பிள்ளை அப்படியே தோளில் சாய்ந்து தூங்கிவிட்டது. மறுநாளும் தூங்கியது. விஷயம் தெருவில் பரவி, கைக்குழந்தைக்காரிகள் ஒவ்வொருத்தராக வந்து தூங்குகிற கேசட் இருக்கிறதா என்று கேட்டு வாங்கிப் போனார்கள்.

அதில் ஒருத்தி ஒரு வாரம் கழித்துக் கடைப்பக்கம் வந்தாள். அவளுடைய பையனுக்கு அந்தப் பாட்டு கொஞ்சமும் சரிப்படவில்லையாம், இன்னும் கூடக் கத்துகிறானாம். மாற்றிக் கேட்க வந்திருக்கிறாள் என்று நானே கையை நீட்டினேன். அவள் பையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்: "குடுக்க மாட்டேங்க்கா. புள்ளதான் தூங்கல, அது போட்டா எங்க மாமியார் தூங்கிடறாங்க."

லூஸ் காண்டாக்ட்

தாய்மார்களை நம்பிச் சுவர் காலியாகுமா? காஞ்சிபுரம் போகும் தனியார் பஸ் டிரைவர் ஒருத்தர் புதுசாகப் பெரிய ஸ்பீக்கர் மாட்டியிருந்தார். அடி பலமாக இருக்கவேண்டும் என்றார். கெணறு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். கடைக் கண்ணாடியே அதிர்ந்தது. மனுஷருக்கு வாயெல்லாம் பல்.

டப் பாட்டில் ஒரு குணம் உண்டு. நன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், திடீரென்று எல்லாம் காணாமல் போய்விடும். மேளம் மட்டும் தனியாக நிற்கும். பிறகு கிடார் ஒரு கீற்று வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். அது வேண்டுமென்றே செய்வது என்று எனக்கே பத்துக் கேசட் கேட்ட பிறகுதான் பிடிபட்டது. டிரைவருக்கு யார் சொல்வது? சத்தம் போகும்போதெல்லாம் செட்டை ஓங்கி ஒரு குத்து. சொல்லிவைத்த மாதிரி சத்தமும் திரும்பி வரும். இப்படியே குத்திக் குத்திக் காஞ்சிபுரம் போய்ச் சேர்வதற்குள் மூடி கழன்றுவிட்டது. எலக்ட்ரீஷியனை வைத்து ஒயர் முழுக்க மாற்றினாராம். ஸ்பீக்கரை இறக்கி ஏற்றினாராம். கடைசியில் வேறு கேசட் போட்டுப் பார்த்துத்தான் விஷயம் தெரிந்திருக்கிறது. பஸ்ஸைக் கடை வாசலிலேயே நிறுத்தி, பாசஞ்சர் அத்தனை பேரும் ஜன்னல் வழியாகப் பார்க்க, கேசட்டை என் கையில் திணித்தார்: "செட்டு நல்லாத்தான் கீதும்மா. பாட்டுக்குத்தான் லூஸ் காண்டாக்ட்டு."

நிற்காத டிரில்

பள்ளிக்கூடத்துப் பி.டி. சார் விளையாட்டு விழாவுக்கு டிரில் செய்ய ஒரே சீராக ஓடுகிற தாளம் கேட்டார். மிஷினு இருக்கிறதே என்று சந்தோஷமாக எடுத்துக் கொடுத்தேன். ஒத்திகையெல்லாம் பிரமாதம் என்று சொல்லி அனுப்பினார். விழா அன்றைக்குத்தான் கேசட்டின் மறுபக்கத்தைப் போட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துப் பாட்டு போகப் போக வேகம் கூடுகிற பாட்டு. பிள்ளைகள் கையைத் தூக்கினால் இறக்க நேரமில்லை, குனிந்தால் நிமிர நேரமில்லை. தலைமை ஆசிரியர் மேடையிலிருந்து எழுந்தே விட்டாராம். மறுநாள் விசிலைக் கழுத்தில் மாட்டியபடியே சார் வந்து நின்றார்: "நான் விசிலடிச்சா நிக்கற பசங்கம்மா அதுங்க. உன் பாட்டு எனக்கு மேல வாத்தியாரா ஆயிடுச்சு."

பன்றிகளின் விருப்பம்

பீப்பியை மட்டும் யாரும் தொடவில்லை. மார்கழி பிறந்துவிட்டது, சுவரில் பாதிக்கு மேல் பீப்பி. மாமனார் தினமும் தெருவில் போகும்போது சுவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார். அப்போது வந்தார் திருமுக்கூடல் முனுசாமி அண்ணன். ஆற்றோரம் நெல் கதிர் முற்றிய நேரம், காட்டுப்பன்றி இறங்கி அடியோடு உழுதுவிட்டுப் போகிறதாம். பட்டாசு வெடித்துப் பார்த்தாகிவிட்டது, தகரம் தட்டிப் பார்த்தாகிவிட்டது. கடையில் ஓடிக்கொண்டிருந்த பீப்பியைக் கேட்டதும் அவர் கண் விரிந்தது. எங்க வீட்டுக்காரரிடம் ஒரு குழாய் ஸ்பீக்கர் வாடகைக்கு எடுத்து, பம்பு செட்டிலிருந்து கரண்ட் எடுத்து, வயலைப் பார்த்துத் திருப்பிவைத்துவிட்டார்.

முதல் வாரம் ஒரு பன்றிகூடக் கிட்டே வரவில்லை. நாலு விவசாயிகள் வந்து ஆளுக்கொரு பீப்பி வாங்கிப் போனார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. சுவர் காலியாகிவிடும், நாற்காலி நமக்கே என்று கமலா அக்காவிடம் சொல்லிக்கொண்டேன். அடுத்த வாரம் முனுசாமி அண்ணன் தொங்கிய முகத்தோடு வந்தார். பன்றிகளுக்குச் சத்தம் பழகிவிட்டதாம். இப்போது ஸ்பீக்கர் பக்கத்திலேயே நின்று மேய்கின்றனவாம். கேசட்டைத் திருப்பித் தரப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சுவரைப் பார்த்துக் கையைக் காட்டினார்: "வேற ஒண்ணு குடும்மா. இத அதுங்க கேட்டு முடிச்சிடுச்சு."

மேசைக்காலுக்கு அடியில்

திருமுக்கூடல் கோயில் கல்வெட்டைப் பார்க்கச் சென்னையிலிருந்து ஒருத்தர் மோட்டார் சைக்கிளில் வந்திருக்கிறார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலையாம். ஆற்றங்கரையில் நெல் வயலுக்கு நடுவில் ஜாஸ் அலறுவதைக் கேட்டு வண்டியை நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாராம். பன்றி விரட்டுகிற சத்தம் அது என்று முனுசாமி அண்ணன் சொல்லியும் கேட்கவில்லை. விசாரித்துக்கொண்டு நேராகக் கடைக்கு வந்துவிட்டார். இந்தக் கேசட்டெல்லாம் உலகத்தில் எங்கேயும் கிடைக்காதாம். போட்ட கம்பெனியே மூடிப்போய், வாசித்தவர்களே மறந்துபோனவையாம். எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வாங்க சார், எல்லாம் இருக்கிறது என்று சுவரைக் காட்டினேன்.

அவர் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரைக்கும் பார்த்தார். துடைத்தது, அடுக்கியது, சீட்டு ஒட்டியது எல்லாம் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகம் வாடியது. ஒன்றையும் எடுக்கவில்லை. அப்புறம் வருகிறேன் என்று செருப்பை மாட்டக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். என் மேசை ஆடாமலிருக்கக் காலுக்கு அடியில் ஒரு பீப்பியை முட்டுக்கொடுத்திருந்தேன். மேசையைத் தானே தூக்கினார், என் டீ கொட்டியது, அதைக்கூடக் கவனிக்கவில்லை. புடவைத் தலைப்பால் கேசட்டைத் துடைக்கப் போனேன். துடைக்கவேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டார். அதே கேசட்டில் இன்னொன்று பளபளவென்று சுவரில் இருக்கிறது என்று காட்டினேன். அது வேண்டாமாம். என் மேசைக்காலுக்கு அடியில் நானே வைத்ததை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "இத நானே கண்டுபிடிச்சேன்னு சொன்னா ஒருத்தனும் நம்பமாட்டான் மேடம்."

ஒரு ஆறுதல்

அவர் கிளம்புகிற சமயத்தில் எங்க வீட்டுக்காரர் வந்து சேர்ந்தார். பேச்சுவாக்கில், ஆரம்பத்தில் கொஞ்சம் கேசட்டில் ஐயப்பன் பாட்டைப் பதிந்து விற்றுவிட்டோம் என்று சொல்லிவிட்டார். சென்னைக்காரர் வாசல் படியிலேயே உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். எழவு வீட்டில் கூட அப்படி ஒரு முகம் நான் பார்த்ததில்லை. பயந்துபோன எங்க வீட்டுக்காரர் ஓடிப்போய் ஒரு சோடா வாங்கி வந்து, உடைத்துக் கையில் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து தோளைத் தொட்டார்: "மனசு வுட்ராத சார். நம்ம டெக்குல எதுவும் சரியா அழியாது."

கூடை

ராத்திரி சோறு வடிக்கும்போதெல்லாம் எனக்கு அதே யோசனை. துடைத்து வைத்ததைத் தொடவில்லை, மேசைக்காலுக்கு அடியில் இருந்ததைக் கொஞ்சுகிறார். அப்படியானால் இவர்களுக்குப் பாட்டு முக்கியமில்லையா? முக்கியம்தான். ஆனால் நாம் எடுத்துக் கொடுத்தால் அது கேசட். அவர்களாகத் தோண்டி எடுத்தால்தான் அது கிடைத்தற்கரிய கேசட். மறுநாள் காலையில் மார்க்கெட்டிலிருந்து காலி வெங்காயக் கூடைகளை வாங்கி வந்தேன். சீட்டைக் கிழித்தேன், கவரை உருவினேன், பீப்பியையும் கெணறையும் மிஷினையும் ஒன்றாகக் கொட்டிக் கலந்து, கூடைகளைக் கடையின் இருட்டான மூலையில் தள்ளிவிட்டேன். எங்க வீட்டுக்காரர் பதறிவிட்டார். நாள்கணக்கில் துடைத்த என் கைக்கும்தான் பதறியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த மனுஷர் தன் சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். கூடையைப் பார்த்ததும் அவ்வளவுதான். தரையில் மண்டி போட்டு ஆளுக்கொரு கூடையில் கையை விட்டுவிட்டார்கள். என்ன வேண்டும் சொல்லுங்கள், எடுத்துத் தருகிறேன் என்று வாய் தவறிக் கேட்டதற்கு, கும்பிடு போட்டு என்னை ஓரமாக நிற்கச் சொன்னார்கள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு பிள்ளைக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்தேன். அதில் தாடி வைத்த ஒருத்தர் கேசட்டைத் திறந்து மூக்கில் வைத்து இழுத்தார். கூடையின் அடியில் வெங்காயச் சருகு இருந்தது எனக்குத்தான் தெரியும், அதனால் மன்னிப்புக் கேட்கத் தயாரானேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்: "முதல்ல போட்ட ஒரிஜினல் பிரஸ்ஸிங்குக்கு மட்டும்தாங்க இந்த வாசனை வரும்."

வெள்ளையடிக்கும் முன்

பொங்கலுக்கு முந்தைய ஞாயிறு மாமனார் வந்தார். கூடவே உர ஏஜெண்டு, கையில் அளக்கிற டேப்பு. வெறும் சுவரைப் பார்த்ததும் ஏஜெண்டு முகம் மலர்ந்தது. மூட்டை அடுக்க நல்ல இடம் என்றார். மாமனார் தரையைப் பார்த்தார். முன்னைவிட அதிக ஆட்கள் அன்றைக்கு. வாசலில் இரண்டு கார். உள்ளே பேன்ட் போட்ட பிள்ளைகள் முட்டியெல்லாம் மண்ணாகக் கூடையைச் சுற்றித் தவழ்ந்துகொண்டிருந்தார்கள். சரக்கு இன்னும் கடைக்குள்ளேதான் இருக்கிறது. அவர் சொன்ன கெடுவோ நெருங்கிவிட்டது. நான் பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு எழுந்து நின்றேன்.  ஏஜெண்டு என்னிடம் மெதுவாக, சங்கிலி கிங்கிலி ஏதாவது தொலைந்துவிட்டதா என்று கேட்டார். டேப்பை நீட்ட அவருக்கு இடமில்லை. ஒவ்வொருத்தரையும் கொஞ்சம் தள்ளுங்கள் சார் என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒருத்தரும் தலை நிமிரவில்லை.

ஒரு பிள்ளை மட்டும் எதையோ கண்டுபிடித்துவிட்டு எழுந்தது. சந்தோஷத்தை யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் கேசட்டை மாமனார் கையில் வைத்துவிட்டது. அவர் அதைப் புரட்டிப் பார்த்தார். கன்னம் உப்பிய ஒரு ஆள் குழலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற படம். விலை கேட்காமல் பணத்தை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தது அந்தப் பிள்ளை. மாமனார் கேசட்டை அதனிடமே பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.  பிறகு ஏஜெண்டு கையிலிருந்த டேப்பை வாங்கிச் சுருட்டி, அவர் சட்டைப்பையிலேயே போட்டார்: "உன் கடைக்கு வர்றவன் வெலைய கொறன்னு நின்னுக்கினு சண்ட போடுவான்யா. இங்க மண்டி போட்டுக்கினு துட்டு குடுக்கறான். வெள்ளையடிச்சுட்டு மருமவளே உக்காரட்டும்."

மொத்தத்தில் நான் கண்டது இவ்வளவுதான்: துடைத்து அடுக்கினால் அது கடை, தூசியோடு கொட்டிவைத்தால் அது புதையல், இரண்டுக்கும் சாயங்காலத்தில் விளக்குமாறு எடுப்பது மட்டும் நான்தான்.